மேலுதட்டில் கோத்த மடவை

தெக்லாவின் மேலுதட்டில் முதல் துளை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், புன்னைமுனை கடல்பாலத்தின் பதினாலாவது தூணுக்கு மேலே, வழக்கமாக அவள் பேரலை வைத்துக்கொண்டு உட்காரும் இடத்தில், இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் சுற்றி நிற்கையில்தான்; ஆனாலும் அதை ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லாருடைய கண்ணும் குலசேகரன் சாரின் தங்கூசித் தூண்டில் நரம்பு விறைத்துக்கொண்டு தெற்கே ஓடிய ஓட்டத்தின் மேல் இருந்தது.

புன்னைமுனையில் கடல்பாலம் என்பது எதையும் கடக்கிற பாலம் இல்லை. கரையிலிருந்து புறப்பட்டு முந்நூறு கஜ தூரம் கடலுக்குள் போய், போன காரியம் மறந்துபோன ஆளைப்போல அங்கேயே நின்றுவிடும். எந்தக் காலத்திலோ உப்பு மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டியது; கப்பல் வருவது நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய், விளக்குக் கம்பங்களும் துருப்பிடித்து விழுந்தபிறகு, தூண்டில்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். வள்ளம் உடைந்து திரும்ப வாங்க வழியில்லாதவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், வெல்டிங் பட்டறையை மதியம் சாத்திவிட்டு வருகிற சிக்கந்தர், கைத்தூண்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வருகிற பெண்கள் என்று ஊரில் பாதிச் சனம் அந்தப் பாலத்தில்தான் நின்றது. பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்கள். மற்றவர்களுக்கு அன்றைய குழம்பு அந்த நரம்பின் நுனியில் இருந்தது.

தெக்லா அவர்களுக்கு உயிர் இரை கொடுக்கிறவள். வயது நாற்பத்தொன்று. கட்டினவன் கொச்சிக்குப் போய் அங்கே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு இருந்துவிட்டதால், பதினெட்டு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. விடியும்போது கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிவாள். விரல் நீள மடவைக் குஞ்சுகளும் கண்ணாடி மாதிரியான இறால்களும் விழும். பிடிப்பது பெரிய காரியமில்லை, உயிரோடு வைத்திருப்பதுதான் காரியம். பாதியாக அறுத்த நீலப் பேரலில் கடல்தண்ணீர், அதில் பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார், மேலே நனைத்த சாக்கு. மணிக்கொரு தரம் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஒன்று செத்தால் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வெறுங்கையால் தொடக்கூடாது, மனுஷன் கைச்சூடு அதற்குக் கொள்ளிக்கட்டை. இரை எடுக்க வருகிறவர்கள் அவளை "ஏ இரைக்காரி" என்று கூப்பிடுவார்கள், அவளும் நிமிர்ந்து பார்க்காமல் வலைக்கரண்டியை முக்குவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குலசேகரன் சார், தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், பாலத்துத் தூண்டில்காரர் சங்கத்துக்குத் தலைவர், தன் தூண்டிலை அவளிடம் நீட்டினார்.

"கை ஆடுது இரைக்காரி. நீயே கோத்துக் குடுத்துரு."

முதுகில் கோத்தால் மடவை சீக்கிரம் செத்துவிடும். மேலுதட்டில் கோத்தால் அது நீந்திக்கொண்டே இருக்கும், நீந்துகிற இரையைத்தான் கொடுவா நம்பும். தெக்லா ஒரு மடவையை ஈரத்துணியில் பிடித்து, தூண்டில் முள்ளை அதன் மேலுதட்டில் ஏற்றினாள். ஏற்றும்போதே தன் உதட்டில் சுருக்கென்று ஏதோ தைத்தது. கட்டெறும்பாக இருக்கும் என்று தட்டிவிட்டாள். கையில் ரத்தம் இருந்தது. அதற்குள் நரம்பு தெற்கே ஓடிவிட்டது, பதினோரு கிலோ கொடுவா ஒன்று மேலே வந்துவிட்டது, அதன் வாயைப் பிளந்து பார்த்தால் கோத்த மடவை ஒரு செதில் குறையாமல் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. குலசேகரன் சார் சிக்கனமானவர். அதைக் கழற்றிப் பேரலிலேயே போட்டார்.

மத்தியானம் சிக்கந்தருக்கும் அதே மடவைதான் கரண்டியில் வந்தது. அவனுக்கு எட்டுக் கிலோ. சாயங்காலம் மூன்றாவது தடவையாக அதைக் கோத்தபோது, தெக்லாவின் அண்ணன் பெண்டாட்டி ஜெனோவா, நாத்தனாருக்குக் கஞ்சி கொண்டு வந்தவள், தூக்குச்சட்டியோடு நின்று பார்த்தாள். முள் மீனின் உதட்டில் ஏறுகிறது, தெக்லாவின் உதட்டில் அதே இடத்தில் தோல் உள்ளே குழிந்து, வெடித்து, ஒரு சொட்டு ரத்தம் உருள்கிறது. ஜெனோவா எதற்கும் மலைக்கிற பொம்பளை இல்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சார், அந்த மீன வெளிய எடுங்க. இவளுக்கு வலிக்குது."

வெளியே எடுத்தார்கள். வேறு மடவையைக் கோத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இதைச் சும்மா முள்ளின் நுனியால் தொட்டுப் பார்த்தார்கள், தெக்லா கண்ணை மூடிக்கொண்டாள். சரி, இது அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற அம்மாள், "அப்ப அந்த மீனுக்கு முள்ளுப் போடாதீங்க, ஒரு வாரத்துல ஆறிரும்" என்று ஒரு களிம்பு கொடுத்தாள். மாதா கோயிலில் சாமியார், எல்லா உயிரும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவைதான் என்று பிரசங்கத்தில் ஒரு வரி சேர்த்தார். சிக்கந்தர் தன் பங்கு மீனில் பெரிய துண்டமாக வெட்டி அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். அந்த மடவையை இனி யாரும் தொடுவதில்லை என்று சங்கம் கூடி முடிவு செய்தது; தெக்லா அதைத் தனியே ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு, காற்றுக்குழாய் விட்டு, பேரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று தொடங்கிய பிறகு கடல் கையை மூடிக்கொண்டது. கலங்கின தண்ணீரில் எந்த இரையைப் போட்டாலும் சீண்டுவாரில்லை. நாளெல்லாம் நின்றுவிட்டு நாலு காரல் மீனோடு திரும்பினார்கள், பிறகு அதுவும் இல்லாமல் திரும்பினார்கள். ஒருவரும் சாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அந்த நடையிலேயே எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தெக்லாவுக்குத் தெரிந்தது.

திருவிழா அசனத்துக்கு மீன் இல்லை என்று ஆனபோது குலசேகரன் சார் வந்தார். கேட்க வந்தவர் கேட்காமல், கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

"சொல்லுங்க சார்," என்றாள் தெக்லா.

"ஊருக்கு ஒரு நேரச் சாப்பாடு தெக்லா. வேற ஒண்ணுமில்ல. நீ மாட்டேன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கல."

"எத்தன தடவ?"

"ஒரே ஒரு தடவ."

அவள் சரி என்றாள். அப்புறம் பல மாதம் கழித்து, ஏன் சரி என்றேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, அசனத்துக்காக என்று அவளால் மனசறியச் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் பாலத்தில் ஒரு ஆள் அவளிடம் நின்று, காத்திருந்து, தொண்டையைச் செருமி ஒன்றைக் கேட்டிருந்தார். இரைக்காரி என்று கூப்பிட்ட வாய் தெக்லா என்று கூப்பிட்டது. அது இனித்தது. அந்த இனிப்புக்குத்தான் அவள் உதட்டைக் கொடுத்தாள், வேறு யாரும் ஏமாற்றி வாங்கவில்லை.

அன்றைக்கு மேலே வந்தது நாற்பது கிலோ கொடுவா; அசனத்தில் ஐந்நூறு பேர் அந்தக் குழம்பைச் சாப்பிட்டார்கள். அவளை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். காரம் பட்டு உதடு எரிந்ததால் அவள் வெறுஞ்சோறு தின்றாள்.

ஒரே ஒரு தடவை என்பது அதற்குப் பிறகு பலமுறை வந்தது. சிக்கந்தரின் மகளுக்கு நிச்சயதார்த்தம், ஒரே ஒரு தடவை. தென்னந்தோப்புத் தெருவில் மூன்று நாளாக அடுப்பெரியாத வீடு, ஒரே ஒரு தடவை. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், மழைக்கு முந்தின வாரம், மழைக்குப் பிந்தின வாரம். காரணம் எல்லாமே நல்ல காரணம். கெட்ட காரணத்தோடு ஒருத்தரும் அவளிடம் வரவில்லை. ஆவணி பிறந்தபோது அது தினமும் நாலு மணிக்கு என்று ஆகியிருந்தது, சங்கம் அதை ஒழுங்குபடுத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை. முள் சின்ன நம்பராக இருக்க வேண்டும், கொக்கியின் எதிர்ப்பல்லை அரத்தால் ராவியிருக்க வேண்டும். கோப்பதற்கு முன்னால் உதட்டில் ஐஸ் வைக்க வேண்டும், கோக்கிறவன் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கோக்க வேண்டும். முறை எழுதிய பலகையைக் கைப்பிடிச் சுவரில் மாட்டினார்கள். வீட்டுக்கு ஒரு நாள் என்று பெண்கள் அவளுக்குக் குழைந்த கஞ்சி கொண்டுவந்தார்கள், ஏனென்றால் அவளால் மெல்ல முடியவில்லை. வயதானவர்கள்கூட அவளைத் தாயே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜெனோவா தினமும் சாயங்காலம் வந்து, அவள் முகத்தைத் தன் மடியில் வைத்து, கிழிந்த உதட்டில் களிம்பு தடவுவாள். ஜெனோவாவின் விரல்கள் மெலிந்தவை; நடுவிரல் நுனியில் ஊசி குத்திக் குத்தி மரத்த காய்ப்பு ஒன்று உண்டு. தடவும்போது அந்தக் காய்ப்பு மட்டும் தனியாகத் தெரியும். தடவிக்கொண்டே அழுவாள். மீனில் தன் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள், வீட்டில் தெக்லாவின் அண்ணன் தஸ்நேவிஸ் வள்ளத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் இருந்தான்.

உதடு கிழிந்தவர்களுக்குத் தமிழில் மறுப்புச் சொல்வது கஷ்டம் என்று அந்த மாதத்தில்தான் தெக்லா தெரிந்துகொண்டாள். போதும் என்று சொல்வதற்கு உதடு ஒட்ட வேண்டும். மாட்டேன் என்பதற்கு எடுத்த எடுப்பிலேயே ஒட்ட வேண்டும், முடியாது என்பதற்கும் அப்படியே. வேண்டாம் என்பதை எப்படியோ இழுத்து வந்தாலும் கடைசியில் வாயை மூடினால்தான் அது முடியும். சரி என்பதற்கு மட்டும் உதடே தேவையில்லை, நாக்கும் பல்லும் இருந்தால் வந்துவிடும்.

ஒருநாள் நாலு மணிக்கு ஐஸ் கட்டியோடு குலசேகரன் சார் வந்தபோது, அவள் யோசித்து யோசித்து உதடு படாத ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"இல்ல," என்றாள்.

"என்னம்மா?"

"இல்ல. இல்ல."

குலசேகரன் சார் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. "நேத்து மாதிரி வலி இல்லையாம்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்டது. சுற்றி நின்றவர்களுக்கும் அப்படித்தான் கேட்டது. ரெண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்து விளிம்பில் கவிழ்த்தாள். மடவை ஒரு வெள்ளிக் கீற்றாகப் போய் விழுந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. சிக்கந்தர் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுக் குதித்தான். இன்னும் மூன்று பேர் கொசுவலைத் துணியோடு படி வழியாக இறங்கினார்கள். மடவை தூரம் போகவில்லை. பதினாலாவது தூணைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வேறு எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை போலும். ஒரு மணி நேரத்தில் அது மறுபடி சாடியில் இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்," என்றார் குலசேகரன் சார், அவள் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து. "கடல்ல ஒரு சீலாவோ ஊளியோ அத ரெண்டாக் கடிச்சா உனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா? முள்ளு குத்தினா துளை விழுது. அது செத்தா? எங்க கையில இருக்கிற வரைக்கும் நீ பத்திரமா இருக்க தாயே."

அதை அவளும் யோசித்திருந்தாள். அதனால்தான் அதைக் கல்லில் அடித்துக் கொல்லாமல் இருந்தாள்.

அடுத்த வாரம் சங்கம் பாலத்தின் மேல் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியது. இரும்பு வலை மூடி, பூட்டு, ஒரு காற்று மோட்டார் நின்றால் இன்னொன்று தானே ஓடும்படி ரெண்டு பேட்டரி. தொட்டிச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதினார்கள்: பொதுச் சொத்து, அனுமதியின்றித் தொடக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று சாவி கை மாறியது.

தெக்லா வடக்கே பஸ் ஏறினாள். கரிசல் காட்டில், கடலைக் கண்ணால் பார்த்திராத ஒரு ஊரில், தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது. உதடு படாத வார்த்தைகளாகத் தேர்ந்து பேசக் கற்றுக்கொண்டாள். ஆனால் நாலு மணி அடித்தால் அவள் மேலுதட்டைப் பிடித்து யாரோ தென்கிழக்கே இழுப்பார்கள். தலை தானாகத் திரும்பும். கழுத்து நரம்பு புடைக்கும். கொடுவா கடிக்கிறவரைக்கும் அவள் அப்படியே திரும்பி உட்கார்ந்திருப்பாள், கடித்ததும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு அந்த இழுப்பு நின்றுவிடும்.

"ஒன்னய யாரும் கூப்புடுதாகளா?" என்று பக்கத்தில் ஒட்டுகிற பெண் ஒருநாள் கேட்டாள்.

"ஊர்ல தூண்டில் இடுதாங்க," என்றாள் தெக்லா.

"அப்படியா," என்று அந்தப் பெண் அடுத்த லேபிளை எடுத்தாள்.

போகப்போக, யார் கோக்கிறார்கள் என்று அவளுக்கு உதட்டிலேயே தெரிந்தது. சிக்கந்தருடைய கை இரும்பு பிடித்த கை, வெடுக்கென்று ஏற்றிவிடும். குலசேகரன் சாருடைய கை நடுங்கும். ஒரு துளைக்குப் பதில் மூன்று துளை விழும், அவர் வருத்தப்படுவார் என்பதும் அந்த நடுக்கத்தில் தெரியும். தென்னந்தோப்புத் தெருப் பெண்கள் இருந்தார்கள், பெயர் தெரியாத புதுக் கைகளும் இருந்தன. ஆறேழு வாரம் அவள் இப்படி ஊரையே உதட்டால் விசாரித்துக்கொண்டிருந்தாள். யார் மேலும் அவளுக்கு அதிகக் கோபம் வரவில்லை, ஏனென்றால் யார் வந்தாலும் ஒரு கை மட்டும் வராது என்று அவளுக்கு நிச்சயம் இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் நாலு மணிக்கு, மிக மெதுவாக, பிள்ளைக்குக் காது குத்துகிறவளைப் போல, இடம் பார்த்து, பழைய துளையிலேயே முள் ஏறியது. முள்ளுக்கு முன்னால் ஒரு விரல் வந்து உதட்டைத் தடவிவிட்டது. நுனியில் மரத்த காய்ப்பு. தெக்லா பசைக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து, அந்த வாரக் கூலிக்கும் நிற்காமல், தென்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் மாலை அவள் பாலத்தில் நடந்து வருவதைப் பார்த்ததும் வரிசையாக எல்லாரும் வழி விட்டார்கள். சந்தோஷப்பட்டார்கள், அவள் தங்களிடம் திரும்பிவந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். குலசேகரன் சார் ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். ஒருவர் இளநீருக்கு ஆள் அனுப்பினார். தொட்டிப் பக்கத்தில் ஜெனோவா நின்றிருந்தாள், ஜெனோவாவின் முறை ரெண்டு நாள் என்று ஆகியிருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"நீங்கதான?" என்றாள் தெக்லா.

ஜெனோவா தலையைக் குனியவில்லை. "நான்தான். மெதுவாத்தான் கோத்தேன். வலிச்சிச்சா?"

தெக்லா தன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்கண்ணனுக்குக் கஞ்சி இறங்கல தெக்லா. மருந்து இறங்கல. கொடுவாச் சாறு ரெண்டு கரண்டி குடுத்தாத்தான் கண்ணத் தொறக்கான். வர்ற பங்கு அவனுக்குப் பத்தல. நாலு நாளா எல்லா இரையும் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் கடிக்கல. உன்கிட்டக் கேட்டிருந்தாலும் நீ சரின்னுதான சொல்லியிருப்ப?"

சொல்லியிருப்பாள். தெக்லாவுக்கு அது தெரிந்தது. அதுதான் அவளை நிற்கவிடாமல் செய்தது. மற்றவர்கள் கேட்டபோதெல்லாம், இந்த ஒருத்தி தன் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்துத் தாங்கினாள். இவளும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டு வலித்ததா என்று கேட்கிறாள், அந்தக் கேள்வியிலும் பொய்யில்லை.

அவள் கையை நீட்டினாள். ஜெனோவா சாவியைக் கொடுத்தாள். இன்றைக்கு இவளே தன் கையால் கோத்துத் தரப்போகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ. மூடியைத் திறந்ததும் மடவை மேலே வந்தது. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் தெக்லா முதலில் கையைத் தண்ணீரில் வைத்துச் சூடு ஆற்றிக்கொண்டாள், பிறகுதான் அதை ஏந்தினாள். வைகாசியில் இருந்த அதே விரல் நீளம். மேலுதடு முழுக்கத் தழும்பு, தழும்பின் மேல் தழும்பாக முண்டு முண்டாக இருந்தது. அவள் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வெகுநாளாகியிருந்தது, இப்போது பார்த்தாள்.

அண்ணன் கண் திறக்க மாட்டான் என்பதை அவள் நினைக்காமல் இல்லை. அது செத்தால் தானும் சாகலாம் என்பதையும் நினைத்தாள். ரெண்டையும் நினைத்து முடித்துவிட்டு, வாயைத் திறந்து, மடவையைத் தலைப்பக்கமாக உள்ளே விட்டு விழுங்கினாள்.

அது தொண்டையில் ஒருமுறை வாலை அடித்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அங்கே எங்கேயோ நின்றது. தெக்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் சாகிறாளா என்று பார்ப்பதற்காக எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அலை தூணில் பத்திருபது தடவை மோதிவிட்டுப் போயிற்று. அவள் சாகவில்லை.

"தெக்லா," என்றார் குலசேகரன் சார், மெல்ல. "அது பொது."

ஜெனோவா தூண்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தாள். ஒவ்வொருவராக நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார்கள். இளநீர் வந்தபோது அதை வாங்க ஆளில்லை.

கல்லறைத் திருநாளுக்குள் உதடு கூடிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் மாம்பழம், பம்பரம், அம்மா, அப்பம் என்று உதடு ஒட்டுகிற வார்த்தைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் வந்தன. கேட்கத்தான் யாரும் இல்லை. ஊர் அவளை ஒதுக்கிவைக்கவில்லை, ஏசவில்லை. அவள் பேசினால் காதில் விழாதவர்களாக ஆகிவிட்டார்கள். பேரலில் மடவையும் இறாலும் நீந்திக்கொண்டிருந்தன, வாங்க ஒருத்தரும் வரவில்லை. சாயங்காலம் அவளே அவற்றைக் கடலில் விட்டுவிட்டு வருவாள். சிக்கந்தர் பட்டறையைக் காலி செய்துகொண்டு மாமனார் ஊருக்குப் போனான். தென்னந்தோப்புத் தெருவில் மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. பொதுச் சொத்தை உட்கொண்டதற்குப் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று சங்கத்திலிருந்து குலசேகரன் சாருடைய அழகான தபால் ஆபீஸ் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. சாப்பிட உட்காரும்போது சில நாள் நெஞ்சுக்குக் கீழே அந்த மடவை புரண்டு படுக்கும். அவள் அதற்காக ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடிப்பாள்.

அவள் மடவையை விழுங்கிய பத்தொன்பதாம் நாள் கோயிலில் சாவு மணி அடித்தது. அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மணியை எண்ணிப் பார்த்து, ஆம்பளை என்று தெரிந்து, அவளாகவே கிளம்பிப் போனாள்.

முற்றத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்ததும் யாரும் எழுந்து போகவில்லை, இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இடமில்லாமல் போயிற்று. அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் அண்ணனின் கால்மாட்டில் நின்றாள். தஸ்நேவிஸ் பிள்ளை உடம்பு மாதிரி சுருங்கிப்போயிருந்தான். தலைமாட்டில் ஜெனோவா அழாமல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரின் முகத்தை, ஆறின உதட்டை, அதில் வெள்ளையாக ஓடுகிற தழும்பைப் பார்த்தாள்.

"நீ இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா," என்றாள் ஜெனோவா, "இவன் இன்னும் ரெண்டு மாசம் இருந்திருப்பான்."

முற்றத்தில் இருந்த எல்லாரும் தெக்லாவின் வாயைப் பார்த்தார்கள்.

"இருந்திருப்பான் மைனி," என்றாள் அவள். "நான் பொறுக்கல."

பிறகு கையை நீட்டி, அண்ணனின் பாதத்திலிருந்து விலகிக் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. கோயிலிலிருந்து பெட்டி வரும்வரைக்கும் அவள் அங்கேயே, நின்ற இடத்திலேயே நின்றாள்.